வயிற்று வலியோடு வரும் மலச்சிக்கல்: தயிரும் இசப்கோலும் எந்த அளவுக்கு உதவும்?

(நமது அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில், அஸர் தொழுகைக்குப் பின் நடந்த மருத்துவ உரையின் எழுத்து வடிவம்)





கூட்டத்துக்கு முன்பே உங்கள் கேள்விகளைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். சர்க்கரை, பிரஷர் பற்றித்தான் அதிகம் இருக்கும் என்று நினைத்து வந்தேன். பிரித்துப் பார்த்தால் மலச்சிக்கல்தான் அதிகம். அதுவும் பெண்கள் பக்கமிருந்து வந்த சீட்டுகளில். "வயிறு கல் மாதிரி இருக்கிறது", "போனாலும் போன மாதிரி இல்லை", "கேஸ் நெஞ்சை அடைக்கிறது". ஒரு சீட்டில், "மெடிக்கலில் கொடுத்த நல்ல பாக்டீரியா மாத்திரையை மூன்று மாதமாகச் சாப்பிடுகிறேன். மாதம் ஆயிரம் ரூபாய் ஆகிறது. தொடரலாமா?" என்று இருந்தது. ஆயிரம் ரூபாய் என்பது ஒரு பிள்ளையின் டியூஷன் ஃபீஸ். அதனால் இன்று வேறு எதையும் தொடாமல் இதை மட்டும் பேசிவிடுகிறேன்.

கூச்சப்பட வேண்டாம். தஹாரத்தின் சட்டங்களை மதரஸாவில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தவர்கள் நாம். டாக்டர் முன்னால் மலத்தின் நிறத்தைச் சொல்ல மட்டும் நமக்கு வாய் வருவதில்லை.

மலச்சிக்கல் எல்லாம் ஒரே நோய் அல்ல. தண்ணீர் குறைவு, நார்ச்சத்து குறைவு, நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை என்று வருவது ஒரு வகை. வயிற்று வலியோடு சேர்ந்து மாதக்கணக்கில் வந்து வந்து போவது இன்னொரு வகை. இரண்டாவதைத்தான் டாக்டர்கள் ஐ.பி.எஸ். என்பார்கள். போலீஸ் அதிகாரி இல்லை, குடல் எரிச்சல் நோய். வலி வாரத்தில் ஒரு நாளாவது வர வேண்டும், மூன்று மாதமாவது இப்படி இருக்க வேண்டும், தொந்தரவு தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். மலம் கழிப்பதோடு அந்த வலி கூடுவது அல்லது குறைவது, போகும் தடவை மாறுவது, மலத்தின் தன்மை மாறுவது ஆகிய மூன்றில் இரண்டாவது சேர்ந்திருக்க வேண்டும்.  உலக அளவில் 2016 முதல் பின்பற்றப்படும் அளவுகோல் இதுதான். இந்த நோயில் சிலருக்குப் பேதி முக்கியத் தொந்தரவு, சிலருக்கு மலச்சிக்கல். நாம் பேசப்போவது மலச்சிக்கல் வகையை.

மலச்சிக்கல் என்றால் எத்தனை நாளைக்கு ஒரு தடவை என்று மட்டும் பார்க்காதீர்கள். நம் நாட்டில் தினமும் போகிறவர்களே மலச்சிக்கல் என்று வருகிறார்கள். பொய் சொல்லவில்லை. முக்கி முக்கி, ஆட்டுப் புழுக்கை மாதிரி கொஞ்சம் போய், மீதி உள்ளேயே நிற்கிற உணர்வு. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகர மருத்துவர்கள் 1997-ல் மலத்தை ஏழு வகையாகப் பிரித்து ஒரு படம் வெளியிட்டார்கள். புழுக்கை போல இருந்தால் முதல் வகை, கட்டி கட்டியாகச் சேர்ந்து இருந்தால் இரண்டாவது. நான்காவது வகை, வழவழப்பாக வாழைப்பழம் போல வருவது, நமக்கு வேண்டியது. டாக்டரிடம் "ஒன்று, இரண்டு மாதிரி போகிறது" என்று சொன்னால் போதும், கூச்சமும் மிச்சம்.

இந்திய இரைப்பை குடலியல் சங்கம் 2008-ல் வெளியிட்ட ஆய்வின்படி நம் நாட்டில் பொதுமக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பேருக்கு இந்த நோய் இருக்கிறது. குடலில் புண் இருக்காது, ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. அதனால் வீட்டில் "எல்லாம் மனப்பிரமை" என்று சொல்லிவிடுவார்கள். அது சரியில்லை. குடலுக்கும் மூளைக்கும் இடையே ஓடும் நரம்புகள் சாதாரண அசைவையே வலியாக உணர்த்துகின்றன. மற்றவருக்குத் தெரியாத கொஞ்சம் காற்று இவருக்குக் கத்தியால் குத்துவது போல இருக்கும்.

இப்போது நான் சொல்வதை மட்டும் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் எதுவாவது இருந்தால் அதை ஐ.பி.எஸ். என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள், தயிர், இசப்கோல் என்று நாள் கடத்தாதீர்கள். மலத்தில் இரத்தம், அல்லது மலம் தார் போலக் கறுப்பாகப் போவது. காரணமில்லாமல் எடை குறைவது. இரத்தசோகை. இரவில் தூக்கத்தை எழுப்பும் வலி. 45, 50 வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய மலச்சிக்கல். அத்தா, அம்மா, கூடப் பிறந்தவர்களில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்தது. இதில் ஒன்று இருந்தாலும் நேராக மருத்துவரிடம் போங்கள். இங்கிருந்து சேலம் பெரியாஸ்பத்திரி பஸ் ஏறினால் வந்துவிடும் தூரம். மூலம் என்று நினைத்து வருஷக்கணக்கில் களிம்பு தடவிக்கொண்டு இருப்பவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். மூலமாகவே இருக்கலாம். ஆனால் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர்.

வயிறு இரண்டு மூன்று நாளாக உப்பி, வாந்தியும் வந்து, காற்றே பிரியவில்லை என்றால் அது அவசர நிலை. அன்றே போக வேண்டும்.

இன்னொன்று, சாப்பிடும் மாத்திரைகளைப் பாருங்கள். இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, சில வலி மாத்திரைகள், கோடீன் சேர்ந்த இருமல் சிரப் எல்லாமே மலத்தை இறுக்கும். தைராய்டு குறைவாக இருந்தாலும் மலச்சிக்கல் வரும். கர்ப்பிணிகள் இரும்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது; நர்ஸிடம் சொன்னால் வழி சொல்வார்கள்.

சரி, ஐ.பி.எஸ். மலச்சிக்கல் என்றே டாக்டர் சொல்லிவிட்டார். என்ன சாப்பிடுவது?

"நார்ச்சத்து சாப்பிடுங்கள்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். அது பாதி விஷயம்தான். நாரில் இரண்டு குணம் உண்டு. தண்ணீரில் கரைந்து கஞ்சி போல, கூழ் போல ஆகும் நார் ஒன்று. கரையாமல் தவிடு, உமி போல அப்படியே கிடக்கும் நார் இன்னொன்று. சாதாரண மலச்சிக்கலுக்கு இரண்டுமே உதவும். வலியோடு வரும் மலச்சிக்கலுக்கு இரண்டாவது வகை பல பேருக்குத் தொந்தரவைக் கூட்டிவிடும்.

இதற்கு நல்ல சான்று ஒன்று இருக்கிறது. நெதர்லாந்தில் 275 ஐ.பி.எஸ். நோயாளிகளை மூன்று பிரிவாக வைத்து 12 வாரம் பார்த்து, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்கு தினம் 10 கிராம் இசப்கோல். இன்னொரு பிரிவுக்கு 10 கிராம் கோதுமைத் தவிடு. மூன்றாவது பிரிவுக்கு, மருந்து போலத் தோற்றமளிக்கும் 10 கிராம் வெறும் அரிசி மாவு. முதல் மாதத்தில் இசப்கோல் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 57 பேருக்குப் போதுமான நிவாரணம் கிடைத்தது. அரிசி மாவு சாப்பிட்டவர்களில் 35 பேருக்கு. தவிடு சாப்பிட்ட பிரிவில்தான் பாதியிலேயே விலகியவர்கள் அதிகம். வயிற்றுத் தொந்தரவு கூடிவிட்டது என்பதே முக்கியக் காரணம்.

அந்த அரிசி மாவைக் கொஞ்சம் கவனியுங்கள். வெறும் அரிசி மாவுக்கே மூன்றில் ஒருவருக்கு மேல் "எனக்குத் தேவலை" என்றார்கள். இந்த நோயின் இயல்பு அது. ஏறும், இறங்கும். இறங்குகிற நேரத்தில் கையில் எது இருந்ததோ அதற்குப் பெயர் கிடைத்துவிடும். பக்கத்து வீட்டு மாமி "இந்தப் பவுடர் சாப்பிட்டேன், பறந்துபோச்சு" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது உங்களுக்கும் கேட்கும் என்பதற்கு அது ஆதாரம் ஆகாது.

இசப்கோல் நம் வீடுகளுக்குப் புதியதல்ல. பெயரே பார்ஸியிலிருந்து வந்தது. குதிரைக் காது என்று பொருள், விதையின் வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர். குஜராத்திலும் ராஜஸ்தானிலும் விளைந்து, இங்கிருந்துதான் உலகத்துக்கே போகிறது. வெளிநாட்டு டப்பாவில் சைலியம் என்று பெயர் மாற்றி, பழச்சுவை சேர்த்து, மூன்று மடங்கு விலைக்கு நமக்கே திரும்பி வருகிறது. சாதாரண உமியே போதும்.

அது எப்படி வேலை செய்கிறது? தண்ணீரைப் பிடித்துக் கூழாகி, பெருங்குடலின் கடைசி வரை அந்தத் தண்ணீரை விடாமல் கொண்டுபோகிறது. மலம் இளகுகிறது. குடல் கிருமிகள் அதை மெதுவாகத்தான் தின்கின்றன, அதனால் காற்று குறைவு. தண்ணீர் இல்லாவிட்டால் இதே கூழ் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். ஆகவே முறையோடு சாப்பிட வேண்டும்.

முதல் வாரம் ஒரு தேக்கரண்டி, ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலந்து, கெட்டியாகும் முன்பே குடித்துவிட வேண்டும். மேலே இன்னும் அரை டம்ளர் தண்ணீர். அடுத்த வாரம் காலை ஒன்று, மாலை ஒன்று. இப்படியே வாரத்துக்குக் கொஞ்சம் கூட்டி, நாளுக்கு 10 கிராம் அளவுக்குப் போகலாம். அது ஏறத்தாழ இரண்டு மேசைக்கரண்டி. முதல் நாளே இரண்டு மேசைக்கரண்டி போட்டுவிட்டு "வயிறு ஊதிப்போச்சு, எனக்கு ஒத்துக்கலை" என்பவர்கள்தான் அதிகம். உலர்ந்ததாக வாயில் போடாதீர்கள். படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம். தைராய்டு, சர்க்கரை மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கும் பக்கவாதம் வந்தவர்களுக்கும் கொடுக்க வேண்டாம். இதயம், சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. வாங்கும்போது டப்பாவைப் படியுங்கள்: சிலவற்றில் சர்க்கரை, சிலவற்றில் நிலாவரை சேர்ந்திருக்கும். பலன் தெரிய நான்கு வாரமாவது ஆகும்.

நிலாவரை என்றதும் ஒரு வார்த்தை. சனா மக்கி என்று நம் வீடுகளில் மதிப்போடு சொல்லும் இலை அதே இனத்தைச் சேர்ந்தது. திருநெல்வேலி நிலாவரை உலகச் சந்தையில் பெயர் பெற்றது. எப்போதாவது ஒரு நாள் இறுக்கத்துக்கு அது நல்ல மருந்து. ஆனால் அது குடலைச் சுண்டி இழுத்து வேலை வாங்குகிறது. ஏற்கெனவே வலிக்கிற குடலில் அது பிடிப்பைக் கூட்டும். தினமும் இரவு சூரணம் போடுகிறவர்கள் மருத்துவரிடம் பேசி மாற்றிக்கொள்ளுங்கள். லாக்டுலோஸ் சிரப் குடிப்பவர்களுக்கும் இதுபோல ஒன்று: மலம் இளகும், ஆனால் குடல் கிருமிகள் அதைத் தின்று காற்றாக்கும். உப்புசம் அதிகம் என்றால் மேக்ரோகால் பவுடருக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். அதில் காற்று அவ்வளவு வராது.

அடுத்தது பிரீபயாட்டிக், புரோபயாட்டிக் என்ற இரண்டு பெயர்கள். ஒரே எழுத்துதான் வித்தியாசம், கடைக்காரருக்கே குழம்பும். புரோபயாட்டிக் என்பது உயிருள்ள நல்ல கிருமி. பிரீபயாட்டிக் என்பது அந்தக் கிருமிக்குப் போடும் தீனி, அதாவது நமக்குச் செரிக்காமல் பெருங்குடல் வரை போகும் சில வகை நார். சின்ன வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பு, கொண்டைக்கடலை, பேரீச்சை எல்லாவற்றிலும் அந்தத் தீனி இருக்கிறது. காசு கொடுத்துத் தனியாக வாங்க வேண்டியதே இல்லை.

ஆனால் ஐ.பி.எஸ். உள்ளவர்களுக்கு இதில் ஒரு சிக்கல். தீனி போட்டால் கிருமி தின்னும், தின்றால் காற்று வரும். மற்றவர்களுக்கு அது ஒன்றுமில்லை. இவர்களுக்கு வலி. நம்மவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு: ஒளூ. காற்றுக்குப் பயந்து ஜமாஅத்துக்கே வராமல் வீட்டில் தொழுகிறவர்கள் உண்டு, தராவீஹைப் பாதியில் விட்டுப் போகிறவர்கள் உண்டு. அதன் சட்டத்தை ஹஜ்ரத்திடம் கேளுங்கள். நான் சொல்லக்கூடியது காற்றைக் குறைக்கும் வழி மட்டும். இனுலின், ஓலிகோஃப்ரக்டோஸ் என்று எழுதிய "ஃபைபர்" பவுடர்களைத் தவிருங்கள். கொண்டைக்கடலை, மொச்சையை இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். பூண்டை எண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டால் மணம் எண்ணெயில் நிற்கும், வயிற்றை ஊதவைக்கும் பொருள் எண்ணெயில் கரையாது. வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியைப் போட்டுப் பாருங்கள். இரண்டிலிருந்து ஆறு வாரம் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். வெங்காயமும் பருப்பும் இல்லாமலே காலம் தள்ளுவது நல்லதல்ல.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் ஒரு சிறிய ஆய்வில், இனுலினோடு இசப்கோலும் சேர்த்துக் கொடுத்தபோது ஐ.பி.எஸ். நோயாளிகளுக்குக் காற்று வெகுவாகக் குறைந்தது என்று 2022-ல் எழுதினார்கள். கலந்துகொண்டவர்கள் 19 பேர்தான், அதனால் பெரிதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் பருப்புச் சோறு சாப்பிடும் நாளில் இசப்கோலை விடாமல் இருப்பதில் நஷ்டமில்லை.

இனி அந்த ஆயிரம் ரூபாய் மாத்திரை. 2021-ல் பிரிட்டன் குடலியல் சங்கம் சொன்னது: புரோபயாட்டிக் சிலருக்கு உதவலாம், எந்தக் கிருமி என்று குறிப்பிட்டுச் சொல்ல முடியவில்லை, வேண்டுமானால் 12 வாரம் வரை பார்த்துவிட்டுத் தேறாவிட்டால் நிறுத்திவிடுங்கள். அதே 2021-ல் அமெரிக்கக் குடலியல் கல்லூரி, ஐ.பி.எஸ்.ஸுக்கு அதைப் பரிந்துரைக்கவில்லை என்றே எழுதியது. அதே அறிக்கையில் கரையும் நார் சாப்பிடச் சொன்னது, கரையாத நாரை அல்ல. இரண்டு பெரிய சங்கங்கள் ஒரே ஆண்டில் இப்படி வேறுபடுகின்றன என்றால் நமக்குத் தெரிவது, புரோபயாட்டிக் முதல் மருந்து இல்லை என்பது. மூன்று மாதம் சாப்பிட்டும் தெளிவான மாற்றம் இல்லையென்றால், சகோதரி, நிறுத்திவிடலாம். படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை. மாற்றம் இருந்தாலும் ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள். திரும்பத் தொந்தரவு வராவிட்டால் அந்தக் காசுக்குக் கொய்யாப்பழம் வாங்குங்கள்.

குழந்தைக்குப் பேதிக்குக் கொடுத்த குப்பி மருந்தை மலச்சிக்கலுக்கு நீங்கள் குடிப்பதில் பொருளில்லை. கிருமிக்குக் கிருமி வேலை வேறு. புற்றுநோய் மருந்தில் இருப்பவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரோபயாட்டிக் எடுக்கவே கூடாது. மாத்திரையின் மேலுறை ஹலாலா என்றும் ஒரு சீட்டில் கேட்டிருக்கிறீர்கள். ஜெலட்டின் என்று போட்டிருந்தால் அது விலங்கிலிருந்து எடுத்தது. எச்.பி.எம்.சி. என்று இருந்தால் தாவர உறை. பவுடர் பாக்கெட்டாகவும் கிடைக்கிறது. இசப்கோல் முழுக்கத் தாவரம், அதில் இந்தக் கேள்வியே இல்லை.

அப்படியானால் தயிர்? தயிர் நல்ல உணவு, தாராளமாகச் சாப்பிடுங்கள், பால் ஒத்துக்கொள்கிறவர்கள். ஆனால் வீட்டுத் தயிரில் எந்தக் கிருமி, எத்தனை கோடி என்று யாரும் அளந்ததில்லை. அதனால் அதை மருந்து என்று சொல்ல மாட்டேன். பிரியாணிக்கு ஊறவைத்த தயிரிலும் மோர்க்குழம்பிலும் கிருமி கொதித்துச் செத்துப்போகும். தயிர்ச் சட்னியிலும் மோரிலும்தான் உயிரோடு இருக்கும். தயிரை நீண்ட ஆயுளுக்குச் சொன்ன ரஷ்ய விஞ்ஞானி மெச்னிகோவ் 1908-ல் நோபல் பரிசு வாங்கினார். பரிசு தயிருக்கு இல்லை, உடலின் எதிர்ப்பாற்றல் பற்றிய ஆராய்ச்சிக்கு. விளம்பரங்களில் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்கள்.

பழைய சோறும் அப்படித்தான். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரியில் மாநில அரசின் நிதியோடு குடல் நோயாளிகளுக்குப் பழைய சோற்றைக் கொடுத்து ஆராய எடுத்துக்கொண்டார்கள். காரணம் உண்டு. இரவு தண்ணீரில் கிடக்கும் சோற்றில் புளிக்கவைக்கும் நல்ல கிருமி வளர்கிறது. ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி செரிக்காத வடிவத்துக்கு மாறி, அந்தக் கிருமிக்கே தீனியாகிறது. ஒரே சட்டியில் இரண்டும். சுத்தமான தண்ணீரில், மூடி வைத்து, மறுநாள் காலையிலேயே சாப்பிட்டுவிட வேண்டும். சேலத்து வெயிலில் மத்தியானம் வரை வெளியே வைக்காதீர்கள். கூடக் கடிக்கும் சின்ன வெங்காயம் யாருக்கு ஊதவைக்கிறதோ அவர்கள் அதை மட்டும் விட்டுவிடலாம்.

நம் மாவட்டத்துச் சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜவ்வரிசிக்குப் பெயர் போன ஊர் நம்முடையது. ஆனால் ஜவ்வரிசி கிட்டத்தட்ட வெறும் மாவுச்சத்து, நார் இல்லவே இல்லை என்றே சொல்லலாம். காய்ச்சல்காரருக்கு ஜவ்வரிசிக் கஞ்சி சரி. மலச்சிக்கல்காரருக்கு அது உதவாது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராம் வெள்ளை அரிசியில் நார் 3 கிராமுக்கும் குறைவு, கேழ்வரகிலும் கம்பிலும் 11 கிராமுக்கு மேல், கொய்யாவில் எட்டரை கிராம். பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு 25 கிராமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பரோட்டாவும் பிரியாணியும் மட்டும் சாப்பிட்டால் எங்கிருந்து வரும்? கேழ்வரகின் நாரில் பெரும்பகுதி கரையாத வகை என்பதால், வலி உள்ளவர்கள் வாரம் இரண்டு நாள் களி, கூழ் என்று ஆரம்பித்துப் பாருங்கள். பப்பாளி, வெண்டைக்காய், வெந்தயம் பலருக்கும் ஒத்துக்கொள்ளும்.

கொலுசுப் பட்டறையிலும் தறிக்கூடத்திலும் வேலை பார்க்கும் பெண்கள் கழிப்பறை வசதி இல்லாததால் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. லாரி ஓட்டும் தம்பிகளும் அடக்கிக்கொண்டே நாமக்கல் தாண்டிப் போகிறார்கள். இவர்களுக்கு எந்த நாரும் வேலை செய்யாது. பட்டறை நடத்துபவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறீர்கள்; பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்டிக் கொடுங்கள், எந்த மாத்திரையை விடவும் பலன் அதிகம். வீட்டில், காலை உணவு முடிந்து அரை மணிக்குள் உட்காருங்கள், குடல் இயல்பாக அசையும் நேரம் அது. குத்துக்காலிட்டு உட்காரும் கழிப்பறை நல்லது. மேற்கத்திய கழிப்பறை என்றால் காலுக்கடியில் ஒரு சின்ன முக்காலி.

ரமளான் பற்றிக் கேட்டவர்களுக்கு. ஏறத்தாழ 13 மணி நேரம் தண்ணீர் இல்லாத நாட்களில் இசப்கோலை சஹரில் அவசர அவசரமாக விழுங்காதீர்கள். நோன்பு திறந்து, மஃரிப் தொழுது, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து எடுத்துக்கொள்ளுங்கள். படுக்கும் வரை மெல்ல மெல்லத் தண்ணீர் குடியுங்கள். நோன்புக் கஞ்சியில் வெந்தயம் தாராளமாகப் போடலாம், பூண்டைக் குறைக்கலாம். வடை, சமோசாவை இரண்டோடு நிறுத்திக்கொண்டு பழத்துக்கு இடம் விடுங்கள். பேரீச்சை மூன்றுக்கு மேல் போனால் சிலருக்கு ஊதும். புதிதாக எந்த நாரையும் ரமளானில் தொடங்க வேண்டாம். ஷஃபானிலேயே தொடங்கி, உங்கள் வயிற்றுக்கு எந்த அளவு ஒத்துக்கொள்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் போகும்போது நான்கு வாரத்துக்கு ஒரு நோட்டில் தினமும் மூன்று விஷயம் எழுதிக்கொண்டு போங்கள்: எந்த வகை மலம், வலி எவ்வளவு, அன்று என்ன சாப்பிட்டீர்கள். எழுதத் தெரியாத பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும்.